வீடு வாங்க, விக்க லோக்கல் வக்கீல் பிடிக்கிறது எப்படி? (தமிழ்நாட்டு சொத்துக்கு மட்டும்)

கும்பகோணத்துல இருந்த எங்க தாத்தா வீட்டை வித்துட்டு தாம்பரம் தாண்டி ஒரு ரீசேல் வீடு வாங்கினோம். ரெண்டு ஊருக்கும் ரெண்டு வக்கீல் வேண்டியிருந்துச்சு. அதுலேருந்து யாராவது போன் பண்ணி "நல்ல வக்கீல் நம்பர் இருந்தா குடு"ன்னு கேட்டுட்டே இருக்காங்க. நம்பர் குடுத்து பிரயோஜனமே இல்லங்க, என் தாம்பரம் வக்கீல் உங்க உடுமலைப்பேட்டை வீட்டுக்கு ஆக மாட்டார். அதனால எப்படி தேடுறதுன்னு மட்டும் எழுதுறேன். ஈசி (வில்லங்கச் சான்று), பட்டா, தாய்ப்பத்திரம்னா என்னன்னு இதுல விரிவா விளக்கப் போறதில்ல, அதுக்கு யூட்யூப்ல வண்டி வண்டியா இருக்கு.

ஸ்டெப் 1: யாரெல்லாம் உங்க வக்கீல் இல்லன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிர்ல கடை போட்டு உக்காந்திருக்கிற பத்திர எழுத்தர் வக்கீல் கிடையாது. அவர் லைசென்ஸ் வாங்கி பத்திரம் எழுதிக் குடுக்கிறவர், அந்த வேலையில பல பேர் கில்லாடிங்க, ஆனா சொத்து விக்கிறவருக்கு உரிமை இருக்கான்னு பாக்குறது அவர் பொறுப்புல வராது.

பேங்க் பேனல் வக்கீலுக்கு பீஸ் உங்க பாக்கெட்லேருந்துதான் போகும், ஆனா அவர் பேங்குக்காகப் பாக்குறார். குடுக்கிற கடன் திரும்ப வருமாங்கிறதுதான் அங்க கேள்வி. நிறைய பேங்க்ல அவர் எழுதித் தர்ற லீகல் ஒப்பீனியன் (பத்திரமெல்லாம் பாத்துட்டு சொல்ற சட்டக் கருத்து) காப்பியைக் கூட நம்மகிட்ட காட்ட மாட்டாங்க. பில்டர் சொல்ற வக்கீல், புரோக்கர் "நம்ம ஆளு சார்"னு கூட்டிட்டு வர்ற வக்கீல் பத்தி நான் தனியா சொல்லணுமா? டீல் முடிஞ்சாத்தான் புரோக்கருக்கு கமிஷன், அவர் கூட்டிட்டு வர்றவர் டீலை நிறுத்துற மாதிரி கேள்வி கேட்டா அடுத்த தடவை கூப்பிட மாட்டார்.

"அதான் கவர்மெண்ட்ல ரிஜிஸ்டர் பண்ணித் தராங்களே"ன்னு எங்க மாமா கேட்டார். 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுலயே பளிச்சுன்னு சொல்லிடுச்சு, எழுதிக் குடுக்கிறவருக்கு டைட்டில் (சொத்து மேல உரிமை) இருக்கா இல்லையான்னு ஆராயறது சப் ரிஜிஸ்ட்ரார் வேலை இல்லன்னு. ஆக பத்திரத்துல சீல் விழுந்துட்டா சொத்து சுத்தம்னு அர்த்தம் இல்ல. அதைப் பாக்க நமக்குன்னு ஒருத்தர் வேணும்.

ஸ்டெப் 2: லோக்கல்னா எவ்ளோ லோக்கல்?

சொத்து இருக்கிற தாலுகா கோர்ட்ல, குறைஞ்சது அந்த மாவட்டத்துல, சிவில் கேஸ் நடத்துறவரா இருக்கணும். ஏன்னு கேட்டா ஒவ்வொரு ஊர் மண்ணுக்கும் ஒரு வில்லங்கம் இருக்கு. கும்பகோணம், மாயவரம் பக்கம் சில தெருவுல வீடுதான் நம்மளுது, அடிமனை கோயிலோடதோ மடத்தோடதோ இருக்கும். பழைய பத்திரத்துல "அடிமனை நீங்கலாக மேல்கட்டடம்" அப்படீன்னு நடுவுல ஒரு வரி ஓடும், சென்னையில உக்காந்து படிக்கிறவர் கண்ணுல அது படாம போறதுக்கு சான்ஸ் நிறைய. கோயில் சொத்தை கமிஷனர் அனுமதி இல்லாம வித்தா 1959 அறநிலையத்துறை சட்டம் 34-வது பிரிவுப்படி அது செல்லாது, அதை மீட்க கோயில் எத்தனை வருஷம் கழிச்சு வந்தாலும் காலக்கெடு முடிஞ்சுபோச்சுன்னு நாம சொல்லவும் முடியாது. அந்த ஊர் வக்கீலா இருந்தா தெரு பேரைச் சொன்னதுமே "அது மடத்து எடமாச்சே"ம்பார்.

தாம்பரம், வண்டலூர் பக்கம் வந்தா கேள்வியே வேற. மனை அப்ரூவ்டா, இல்லேன்னா வரன்முறைக்கு (அப்ரூவல் இல்லாத மனையை முறைப்படுத்துறது) கெடுவா வச்ச 2016 அக்டோபர் 20 வரைக்கும் வித்த மனையா, வரன்முறை பண்ணியாச்சா, பின்னாடி ஏரி இருந்தா புறம்போக்கு எது வரைக்கும்... இந்த மாதிரி.

தேடுறது எங்க? கூகுள்ல மேல வர்ற விளம்பரத்தை விட்டுடுங்க. வக்கீல் விளம்பரம் பண்றதையே பார் கவுன்சில் விதி 36 தடுக்குது, வக்கீல் பேரைப் போட்டு ஆள் பிடிக்கிற ஆன்லைன் தளங்கள் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலைல மெட்ராஸ் ஹைகோர்ட்டும் உத்தரவு போட்டுச்சு. எனக்கு வேலை செஞ்ச வழி ரெண்டுதான். ஒண்ணு, அதே தெருவுல சமீபத்துல வீடு வாங்கினவங்க கதவைத் தட்டி கேக்குறது (தயங்காதீங்க, வீடு வாங்கின கதையை சொல்றதுக்கு எல்லாரும் ரெடியா இருப்பாங்க). இன்னொண்ணு, கோர்ட் வளாகத்துக்கே போய் பாகப்பிரிவினை கேஸ் யார் அதிகம் நடத்துறாங்கன்னு விசாரிக்கிறது. லீகல் ஒப்பீனியன் மட்டும் எழுதிட்டு கோர்ட் பக்கமே போகாதவரை விட, சொத்து கேஸ்ல எதிர்க்கட்சி பத்திரத்தை கிழிச்சு தொங்கவிட்டு பழகினவர் நமக்கு பெட்டர்ங்கிறது என் கட்சி. ஒரு பத்திரம் எந்த இடத்துல ஒடையும்னு அவருக்குத்தான் தெரியும்.

பதிவு எண் கேளுங்க. தமிழ்நாடு பார் கவுன்சில்ல பதிவு பண்ணவங்களுக்கு எம்எஸ்னு ஆரம்பிச்சு நம்பரும் வருஷமும் இருக்கும், லெட்டர்ஹெட்ல போட்டிருப்பாங்க. இதை கேட்டா கோவப்படுறவர் நமக்கு வேணாம்.

ஸ்டெப் 3: முதல் சந்திப்பு (இதை மட்டும் ஸ்கிப் பண்ணாம படிங்க)

போறதுக்கு முன்னாடி வீட்டுப்பாடம். பத்திரமெல்லாம் ஜெராக்ஸ் போட்டு பழசுலேருந்து புதுசுக்கு தேதி வாரியா அடுக்கி சாதா டேக் பைல்ல கோத்துக்கோங்க. வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்து அனுப்புற வேலையே வேணாம், 1960கள் பத்திரத்துல கையெழுத்து ஏற்கனவே கோழி கிறுக்கல், அதுல நிழல் வேற விழுந்தா ஒரு எழவும் தெரியாது. இன்னொரு பேப்பர்ல குடும்ப மரம் வரைங்க. யார் யாருக்குப் பொறந்தாங்க, யார் எப்ப தவறினாங்க, தேதியோட. நாம வாங்குற சைடுன்னா விக்கிறவர் குடும்ப மரத்தை அவங்ககிட்டயே கேட்டு வரையணும், கூச்சமா இருக்கும், பரவால்ல.

இப்ப பைலை வக்கீல்கிட்ட குடுத்துட்டு சும்மா கவனிங்க. புரட்டிப் பாத்துட்டு "எல்லாம் கிளியரா இருக்கு, அக்ரிமெண்ட் போட்டுடலாம்"ங்கிறவருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு எழுந்துடுங்க. நல்ல வக்கீல் முதல் சந்திப்புல பதில் சொல்ல மாட்டார், கேள்வியாத்தான் கேட்டுட்டிருப்பார், கடைசியில "இதெல்லாம் கொண்டாங்க"ன்னு ஒரு லிஸ்ட் குடுப்பார். அந்த லிஸ்ட்தான் ஆளை எடை போடுற தராசு.

எங்க வீட்டு விஷயமே இதுக்கு உதாரணம். தாத்தா சுயமா சம்பாதிச்சு கட்டின வீடு, உயில் எழுதல. வாரிசுன்னு பாட்டி, அப்பா, ரெண்டு அத்தை, எல்லாரும் கையெழுத்து போட ரெடி. சென்னையில ஒரு வக்கீல் ஈசியைப் பாத்துட்டு ஓகேன்னுட்டார். கும்பகோணத்து வக்கீலம்மா குடும்ப மரத்தைப் பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, "தாத்தா தவறினப்ப அவரோட அம்மா இருந்தாங்களா?" இருந்தாங்க. எங்க கொள்ளுப்பாட்டி அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் இருந்தாங்க.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு ஆண் உயில் எழுதாம போனா அவர் சொத்துல மனைவி, பிள்ளைங்க (ஆணோ பொண்ணோ), அவரைப் பெத்த அம்மா எல்லாருக்கும் சமமா பங்கு. ஆக கொள்ளுப்பாட்டிக்கு ஒரு பங்கு வந்தாச்சு. அவங்களும் உயில் எழுதாம போனதால அந்தப் பங்கு அவங்களோட மத்த பிள்ளைங்களுக்கும் போகுது, அதாவது தாத்தாவோட தங்கச்சி குடும்பத்துக்கு. அவங்கள்ல ஒருத்தர் பெங்களூர், ஒருத்தர் நாக்பூர். எல்லாரையும் கண்டுபிடிச்சு பேசி விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக் குடுக்கிற பத்திரம்) வாங்குறதுக்குள்ள வீட்டு விலையே மாறிப்போச்சு. ஆனா இது வித்ததுக்கு அப்புறம் கிளம்பியிருந்தா வாங்கினவர் தலையில போய் விடிஞ்சிருக்கும், அவர் எங்க கழுத்தைப் பிடிச்சிருப்பார். ஈசியில இது எந்த ஜென்மத்துலயும் தெரியாது, ஏன்னா பதிவான பத்திரங்கதான் அதுல வரும், ஒருத்தர் இறந்தது அதுல ஏறுற விஷயமே இல்ல.

நல்ல வக்கீல் கேக்குற மத்த கேள்விகள் (நான் குறிச்சு வச்சிருந்தது):

- பூர்வீக சொத்தா, சுயார்ஜிதமா? பூர்வீகம்னா பொண்ணுங்க பங்கு என்னாச்சு? "அவ கல்யாணமாகிப் போயிட்டா"ங்கிறது பதில் இல்ல. தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25-லேருந்து அப்ப கல்யாணமாகாத பொண்ணுங்களுக்கு உரிமை வந்துச்சு, 2005 செப்டம்பர் 9 திருத்தம் எல்லா பொண்ணுங்களுக்கும் குடுத்துச்சு, அந்த தேதியில அப்பா உயிரோட இல்லேன்னாலும் பரவால்லன்னு 2020 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.
- இடையில எப்பவாவது மைனர் பங்கை வித்திருக்காங்களா, கோர்ட் பர்மிஷன் எங்க?
- பவர் (இன்னொருத்தருக்கு விக்க அதிகாரம் குடுக்கிற பத்திரம்) வச்சு வித்திருந்தா, அன்னிக்கு பவர் குடுத்தவர் உயிரோட இருந்தாரா?
- பழைய அடமானம் தீர்ந்ததுக்கு ரசீது பதிவாகியிருக்கா?
- ஈசி எந்தெந்த சர்வே நம்பருக்கு, எந்தெந்த ஆபீஸ்ல போட்டீங்க?

கடைசி கேள்வியை சாதாரணமா நினைக்காதீங்க. தாம்பரம் வீட்டுல ரொம்ப இழுத்தது அதுதான். பல இடத்துல பழைய சர்வே நம்பர் ஒண்ணு, புது நம்பர் ஒண்ணு, டவுன் சர்வே நம்பர் வேற ஒண்ணு இருக்கும். நாம பட்டாவுல இருக்கிற புது உட்பிரிவு நம்பரை மட்டும் போட்டு ஆன்லைன்ல ஈசி எடுத்தா பழைய நம்பர்ல பதிவான பத்திரம் வராம போகலாம். அதே மாதிரி இன்னிக்கு அந்த கிராமம் ஒரு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல இருக்கும், முன்னாடி வேற ஆபீஸ்ல இருந்திருக்கும். அங்கயும் தேடணும். ஆன்லைன்ல பொதுவா 1975-லேருந்துதான் கிடைக்கும், அதுக்கு முன்னாடின்னா மனு போட்டு மேனுவலா எடுக்கணும். எந்த நம்பர் எதுவா மாறிச்சு, எந்த கிராமம் எந்த ஆபீஸ்லேருந்து பிரிஞ்சுதுன்னு லோக்கல் வக்கீல், முக்கியமா அவரோட குமாஸ்தா, மனப்பாடமா சொல்வார். குமாஸ்தாவை சாதாரணமா எடை போட்டுடாதீங்க, பாதி வேலை அவர் கையிலதான்.

ஸ்டெப் 4: பீஸ் பேசுறது

வெறும் ஒப்பீனியனா, அக்ரிமெண்ட் டிராப்ட் சேர்த்தா, கிரயப் பத்திரம் யார் எழுதுறது, பதிவு அன்னிக்கு கூட வருவாரா, பட்டா மாறுதல் வரைக்கும் பாப்பாரா, இதையெல்லாம் தனித்தனியா கேட்டு ஒரு வாட்ஸ்அப் மெசேஜாவது போட்டு வச்சுக்கோங்க. "எல்லாம் சேத்து ரிஜிஸ்ட்ரேஷன் செலவோட இவ்ளோ"ன்னு மொத்தமா சொன்னா ஒத்துக்காதீங்க. ரீசேல் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, அதை நீங்களே ஆன்லைன்ல கட்டலாம். மீதி என்னன்னு கேளுங்க.

ஒப்பீனியன் வாயில சொன்னா போதாது. லெட்டர்ஹெட்ல, கையெழுத்தோட, என்னென்ன பேப்பர் பாத்தார், அதுல எது ஒரிஜினல் எது ஜெராக்ஸ்னு லிஸ்டோட வேணும். முதல் பக்கத்துல டைட்டில் நல்லா இருக்குன்னு எழுதிட்டு கடைசி பக்கத்துல "கீழ்க்கண்டவற்றுக்கு உட்பட்டு"ன்னு நாலு வரி போட்டிருப்பாங்க, நான் எப்பவும் அங்கேருந்துதான் படிக்க ஆரம்பிப்பேன். அந்த நாலு வரி தீர்ற வரைக்கும் பெரிய அட்வான்ஸ் குடுக்காதீங்க.

கேஸ் இருக்கான்னு இ-கோர்ட்ஸ் சைட்ல விக்கிறவர் பேரைப் போட்டு நீங்களே ப்ரீயா ஒரு தடவை தேடிடுங்க. பேரோட ஸ்பெல்லிங்கை மாத்தி மாத்தி போடணும், அதுதான் தொல்லை.

விக்கிறவங்களுக்கும் வக்கீல் வேணுமா?

வேணும். அக்ரிமெண்ட்ல எத்தனை மாசம், காசு வராட்டி அட்வான்ஸ் என்னாகும்ங்கிறதை வாங்குறவர் வக்கீல் எழுதினா அவருக்கு சாதகமாத்தான் எழுதுவார். தமிழ்நாட்டுல 2012 டிசம்பர் 1-லேருந்து சேல் அக்ரிமெண்டையே பதிவு பண்ணணும்னு சட்டம் இருக்கு, ஆனா நிறைய பேர் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி பீரோல வச்சுக்கிறாங்க. விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ போனா வாங்குறவர் 1% டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடிப்பார். வாரிசுல ஒருத்தர் என்ஆர்ஐயா இருந்தா அவர் பங்குக்கு அந்த 1% கணக்கு இல்ல, வேற ரேட். இதை வக்கீலோட ஆடிட்டர்கிட்டயும் முன்கூட்டியே பேசிடுங்க.

அப்டேட் 1: கமெண்ட்ல ஒருத்தர், "ரெண்டு தரப்புக்கும் ஒரே வக்கீல் வச்சா காசு மிச்சம்தானே?"ன்னு கேட்டிருந்தார். பத்திரம் டைப் அடிக்க மட்டும்னா சரி. நாளைக்கு தகராறுன்னு வந்தா அவர் உங்களுக்காகவும் நிக்க முடியாது, எதிர்ல இருக்கிறவருக்காகவும் நிக்க முடியாது.

அப்டேட் 2: பில்டர்கிட்ட புது பிளாட் வாங்குறவங்க கேட்டிருந்தீங்க. முதல்ல ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் இருக்கான்னு பாருங்க, 500 சதுர மீட்டருக்கு மேல நிலமோ எட்டு வீட்டுக்கு மேலயோ இருந்தா பதிவு கட்டாயம். பில்டர் குடுக்கிற லீகல் ஒப்பீனியனை உங்க வக்கீல்கிட்ட குடுக்கலாம், ஆனா அதை வச்சு மட்டும் எழுதித் தரச் சொல்லாதீங்க. நிலத்துக்காரர் பில்டருக்கு குடுத்த பவரையும் ஜாயிண்ட் வென்ச்சர் அக்ரிமெண்டையும் கேட்டு வாங்கிக் குடுங்க.

அப்டேட் 3: பாதியில வக்கீலை மாத்தலாமான்னு ஒரு அக்கா கேட்டாங்க. தாராளமா மாத்தலாம். ஒப்பீனியன் வேலை மட்டும்னா செஞ்ச வேலைக்கு பீஸைக் குடுத்துட்டு பைலை வாங்கிட்டு வந்துடலாம், கோர்ட்ல வக்காலத்து போட்டிருந்தாத்தான் அவர்கிட்ட என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கிற ஒப்புதல்) கேக்கணும். அதுக்காகத்தான் சொல்றேன், முதல்லேருந்தே ஜெராக்ஸ் மட்டும் குடுங்க. ஒரிஜினல் பாக்கணும்னு சொன்னா நாமளே எடுத்துட்டுப் போய் எதிர்ல உக்காந்து காட்டிட்டு கையோட எடுத்துட்டு வந்துடணும்.