ஒரே சிப்பில் இரண்டு கோர்: ஹார்டுவேர் பூட்டு போடுவது எப்படி?

வேலூர், காட்பாடி பக்கம் எம்பெடட் படிக்கிறவர்களுக்குத் தோதான ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவுநீரின் பிஎச் அளவைப் பதிவு செய்வது. சிப் எஸ்டிஎம்32எச்745. அதில் கார்டெக்ஸ்-எம்7, கார்டெக்ஸ்-எம்4 என இரண்டு கோர், அதாவது தனித்தனியாக ப்ரோக்ராம் ஓட்டும் இரண்டு ப்ராசஸர். எம்4 சென்சாரைப் படித்து, நேரத்தையும் பிஎச்சையும் பொது மெமரியில் எழுதும். எம்7 அதை எடுத்து எஸ்டி கார்டில் ஏற்றும்.

எம்4 நேரத்தை எழுதிவிட்டது, பிஎச்சை இன்னும் எழுதவில்லை. அதற்குள் எம்7 படித்துவிட்டால்? 10:05க்கு எதிரே 10:00 மணி பிஎச் பதிவாகும். அமிலம் ஏறிய நேரமே மாறிப்போகும். ஒரு கோர் முடிக்கும்வரை மற்றது அந்த டேட்டாவைத் தொடாதபடி ஒரு பூட்டு வேண்டும்.

எம்7இல் இன்டரப்டை (ஓடும் வேலையை இடைமறிக்கும் சிக்னலை) நிறுத்தினாலும் எம்4 ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு வேரியபிளையே பூட்டாக வைத்தால், காலியா என்று பார்ப்பதற்கும் பிடித்துவிட்டேன் என்று எழுதுவதற்கும் நடுவில் மற்ற கோர் புகுந்துவிடும். இதற்காகவே சிப்புக்குள் எச்எஸ்இஎம் (ஹார்டுவேர் செமஃபோர்) என்ற பகுதியில் 32 பூட்டுகள் இருக்கின்றன. பூட்டு காலியாக இருந்தால், அதன் ரீட்-லாக் ரெஜிஸ்டரை (சிப்புக்குள் இருக்கும் சின்ன மெமரி இடத்தை) படித்தாலே பூட்டு விழும். பார்ப்பதும் பிடிப்பதும் ஒரே செயல். திரும்பி வரும் மதிப்பில் பூட்டை வைத்திருக்கும் கோரின் எண் இருக்கும்: எம்7 என்றால் 3, எம்4 என்றால் 1.

படி 1: எச்எஸ்இஎம் கிளாக்கை ஆன் செய்யுங்கள். பூட்டு எண் 0 வேண்டாம். எஸ்டிஎம்32க்கு ப்ரோக்ராம் எழுதும் க்யூப் ஐடிஇ சாஃப்ட்வேர் தரும் டூயல்-கோர் டெம்ப்ளேட், எம்4ஐ எழுப்ப அதைப் பயன்படுத்துகிறது. நாம் 5ஐ எடுப்போம்.

படி 2: பொது டேட்டாவை எஸ்ரேம்4 என்ற மெமரியில் வையுங்கள். இரண்டு கோருக்கும் எட்டும் 64 கேபி இடம் அது. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். எம்7க்கு டேட்டா கேஷ் உண்டு; மெமரியில் படித்ததன் நகலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதனால் பூட்டு சரியாகப் போட்டும் பழைய மதிப்பையே படிக்கும். எம்பியூவில் (மெமரிப் பகுதிகளுக்கு விதி வைக்கும் யூனிட்டில்) அந்த இடத்தை நான்-கேஷபிள், அதாவது நகல் எடுக்கக் கூடாத இடம், ஆக்கிவிடுங்கள்.

படி 3: இரண்டு கோரிலும் ஹால் லைப்ரரியில் (எஸ்டி நிறுவனம் தரும் ரெடிமேட் கோடில்) பூட்டைப் பிடிக்கும் ஃபாஸ்ட்டேக் ஃபங்ஷனை 5 கொடுத்துக் கூப்பிடுங்கள். ஓகே வரும்வரை திரும்ப முயலுங்கள். ஆனால் டைம்அவுட், அதாவது காத்திருக்க ஒரு நேர வரம்பு, கட்டாயம் வையுங்கள். ஒரு கோர் பூட்டோடு தொங்கிவிட்டால் மற்றதும் சேர்ந்து நிற்கக் கூடாது.

படி 4: பூட்டுக்குள் மதிப்புகளை எழுதுவது, லோக்கல் வேரியபிளுக்குக் காப்பி எடுப்பது, அவ்வளவுதான். எஸ்டி கார்டில் எழுதும் வேலை வெளியே. இதில் நான் கறாராக இருப்பேன்: கார்டு தாமதித்தால் எம்4 அடுத்த ரீடிங்கைத் தவறவிடும்.

படி 5: டிஎம்பி பேரியர் (முந்தைய மெமரி எழுத்துகள் வரிசை மாறாமல் காக்கும் கட்டளை) ஒன்று போட்டு, அப்புறம் பூட்டை ரிலீஸ் செய்யுங்கள். பிடித்த கோர்தான் விடுவிக்க வேண்டும். வேறு கோர் எழுதினால் ஹார்டுவேர் கண்டுகொள்ளாது.

சரி, சோதித்துப் பார்ப்போம். எம்4 ஒரே எண்ணை இரண்டு வேரியபிளிலும் எழுதி, ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டட்டும். எம்7 இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் எண்ணட்டும். பூட்டை எடுத்துவிட்டு ஓட்டினால் அந்த எண்ணிக்கை ஏறும்; பூட்டோடு ஓட்டினால் 0இலேயே நிற்க வேண்டும். பூட்டு இருந்தும் ஏறினால், முதலில் படி 2இன் எம்பியூ அமைப்பைப் பாருங்கள்.