முள்சங்கைச் சுத்தம் செய்ய வினிகர் வேண்டாம்

மியூரெக்ஸ் வகை முள்சங்குகளில் படிந்த பாசியையும் அழுக்கையும் நீக்க, வினிகரையோ வேறு அமிலத்தையோ நாடாமல், நீர் கலந்த திரவ பிளீச்சில் சில மணி நேரம் ஊற வைத்து, மெல்லிய பல்துலக்கியால் ஒவ்வொரு முள்ளையும் அடியிலிருந்து நுனி நோக்கி மட்டும் தேயுங்கள். சங்கு கால்சியம் கார்பனேட்டால் ஆனது என்பதால் அமிலம் அதையே கரைத்துவிடும். ஊசி போன்ற முள்நுனிகளே முதலில் மழுங்கிப்போகும். பிளீச்சோ பாசி போன்ற உயிர்ப்பொருள்களை மட்டும் சிதைக்கிறது. சங்கினுள் வாழும் நத்தையின் மேலுறை, அதாவது ஓட்டைச் சுரக்கும் மென்தோல், ஓரம் மடிந்து முள்ளை உருவாக்குவதால், பல முட்களின் ஒரு பக்கத்தில் நீளவாட்டில் ஒரு நுண்ணிய பள்ளம் இருக்கும். அழுக்கு தங்குவது பெரும்பாலும் அங்கேதான். அந்தப் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்தால் முள் வளைந்து முறிவதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட முட்கள் கொண்ட 'வீனஸின் சீப்பு' என்னும் இனத்திற்கு இந்த நிதானம் மிகவும் அவசியம். பிறகு நல்ல நீரில் பலமுறை அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

கல்போல் இறுகிய சுண்ணாம்புப் படிவுகளை பிளீச் அகற்றாது. அவற்றைக் கூரிய குச்சியால் பொறுமையாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். சங்கின் வாய்மூடியைச் சேகரிப்பவர்கள் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், ஏனெனில் கொம்புப்பொருளாலான அதை பிளீச் கெடுத்துவிடும். பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு எழும் என்பதால், ஏற்கெனவே வினிகரில் நனைத்த சங்கை பிளீச்சில் இடவே கூடாது.