மர லேத்தை பெஞ்சுல மாட்டும்போது எல்லாரும் பண்ற தப்பு

கட்டைய சுத்தவிட்டு உளியால கடையுற மெஷின் தான் மர லேத். அது ஆடுதா, போல்ட்டை இன்னும் இறுக்குன்னு தான் எல்லாருக்கும் முதல்ல தோணும். நானும் அதையே பண்ணிட்டு, உளி ஏன் கட்டையில குதிக்குதுன்னு புரியாம ரொம்ப நாள் இருந்தேன். விஷயம் என்னன்னா பெஞ்ச் பலகை சமமா இல்லன்னா லேத்தோட ஒரு கால் லேசா தூக்கிட்டு நிக்கும், அதை போல்ட் போட்டு கீழ இழுத்தீங்கன்னா பெட்டே, அதாவது லேத்தோட நீளமான அடிச்சட்டமே முறுக்கிக்கும், அப்புறம் கட்டைய சுத்துற ஹெட்ஸ்டாக் முனையும் மறுபக்கம் தாங்குற டெயில்ஸ்டாக் முனையும் நேருக்கு நேர் வராது.

அதனால போல்ட் போடாம முதல்ல சும்மா வச்சு ஒவ்வொரு மூலையா அழுத்திப் பாருங்க. எந்த கால் ஆடுதோ அதுக்கு அடியில தகரத்துண்டு கொடுங்க, ஆட்டம் சுத்தமா நின்னப்புறம் தான் போல்ட். மாட்டி முடிச்சதும் ஒரு நட்டை மட்டும் தளர்த்திப் பாருங்க, கால் மேல எழும்புச்சுன்னா தகரம் இன்னும் பத்தலன்னு அர்த்தம்.

மர ஸ்க்ரூ வச்சு மேலருந்து முடுக்குறது வேணவே வேணாம், அதிர்வுல ஓட்டை பெருசாகி பிடிப்பு போயிடும். பலகைய துளைச்சு அடி வரைக்கும் போற போல்ட், கீழ அகலமான வாஷர், நைலான் வச்ச நட் இல்லன்னா ரெண்டு நட்டு. மரம் அமுங்கும்ங்கிறதால ஒரு வாரம் கழிச்சு திரும்ப ஒருதடவ இறுக்கிடுங்க.

இவ்வளவும் பண்ணியும் ஆடுதுன்னா தப்பு பெஞ்சுல. சின்ன லேத்தே 35, 40 கிலோ இருக்கும், அது மேல கோணலான கட்டை சுத்தும்போது லேசான பெஞ்ச் மொத்தமா சேர்ந்து ஆடத்தான் செய்யும். காலுக்கு காலு குறுக்குச் சட்டம் அடிங்க, கீழ்த்தட்டுல மணல் மூட்டை வைங்க, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. மெத்துன்னு தடியான ரப்பர் போட்டா சத்தம் குறையும், ஆனா லேத் அது மேல ஊசலாடும். சக்கரம் வச்ச பெஞ்சும் அப்படித்தான்.

உயரத்தையும் துளை போடுறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க, நிமிர்ந்து நின்னா ஸ்பிண்டில் (கட்டைய சுத்துற தண்டு) நடு உங்க முழங்கை உயரத்துல வரணும், தாழ்வா இருந்தா முதுகு போயிடும். சுவிட்சும் கட்டைக்கு நேரா கைய நீட்டாம எட்டுற இடத்துல இருக்கணும். முதல் தடவ போடும்போது இருக்கிறதுலயே கம்மி ஸ்பீடு வச்சு, கட்டைக்கு நேரா நிக்காம பக்கவாட்டுல தள்ளி நின்னு போடுங்க.