சுயாதீன ஜாஸ் ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதும் முறை

உள்ளூர் ஜாஸ் கலைஞர்களை நியூயார்க்கின் பெரிய பெயர்களோடு ஒப்பிட்டே எடைபோடாதீர்கள். அவர்கள் ஊரின் பின்னணியோடு கேளுங்கள். சிகாகோவில் 1965இல் ஏ.ஏ.சி.எம். என்ற இசைக்கலைஞர் அமைப்பு உருவானது. அதிலிருந்து வந்த முதல் ஆல்பம், ராஸ்கோ மிட்செல் குழு 1966இல் பதிவுசெய்த 'சவுண்ட்'. அதை வெளியிட்ட டெல்மார்க்கும் அவ்வூர் நிறுவனமே.

முதல் முறை குறிப்பெடுக்காமல் முழுதாகக் கேளுங்கள். அடுத்த முறை நிமிடம், நொடியோடு யார் என்ன வாசிக்கிறார் என்று குறியுங்கள். உதாரணமாக 'சவுண்ட்' ஆல்பத்தில் மணி, ஹார்மோனிகா, ரெக்கார்டர் என்ற குழல் போன்ற சின்னக் கருவிகள் வரும். சீரான தாளத்தைத் தேடினால் அவை வெறும் சத்தமாகப் படும். ஒலிகளுக்கு நடுவே விடப்படும் மௌனத்தைக் கவனித்தால் கட்டமைப்பு புலப்படும். அங்கேதான் இந்த ஆல்பத்தின் அழகு. 'அருமை', 'ஆழம்' போன்ற சொற்களை அடித்துவிட்டு அந்த இடங்களை விவரியுங்கள்.

வாசித்த அனைவர் பெயரும் வேண்டும்.

எந்தப் பதிப்பு என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். 'சவுண்ட்' ஆல்பத்தின் பழைய எல்.பி. இசைத்தட்டில் தலைப்புப் பாடல் இரண்டு டேக்குகளை, அதாவது அதே பாடலை இரு முறை வாசித்த பதிவுகளை, வெட்டி ஒட்டியது. பின்னர் வந்த சி.டி.யில் இரண்டும் தனித்தனியே முழுதாக உள்ளன. இது தெரியாமல் எழுதினால், எடிட்டிங்கில் நேர்ந்த தாவலை வாசித்தவர் தலையில் கட்டிவிடுவோம்.