ப்ரீ-மேஜர்ல இருந்து ஃபுல் மேஜர்: சைக்காலஜி, நியூரோசயின்ஸ் பசங்களுக்கு நான் அடிபட்டு கத்துக்கிட்டது

நம்ம ஊர்ல பி.எஸ்சி சைக்காலஜி சீட்டு கிடைச்சுதுன்னா முதல் நாள்ல இருந்தே நீங்க பி.எஸ்சி சைக்காலஜிதான், அதுல சந்தேகமே கிடையாது. அமெரிக்கால நிறைய யுனிவர்சிட்டில கதையே வேற. எனக்கு வந்த லெட்டர்ல "ப்ரீ-சைக்காலஜி"ன்னு போட்டிருந்தது, நானும் ப்ரீ-மெட் மாதிரி ஏதோ பெரிய விஷயம் போலன்னு நினைச்சு அப்பாகிட்ட சொல்லிட்டேன், அவரு தெரு முழுக்க சொல்லிட்டாரு. அப்புறம்தான் தெரிஞ்சுது, நம்மள திண்ணைல உக்கார வச்சிருக்காங்க, வீட்டுக்குள்ள இன்னும் விடல.

மேஜர்னா டிகிரியோட முக்கிய பாடம், ப்ரீ-மேஜர்னா அதுக்கு முந்தின திண்ணை, அவ்ளோதான். சொன்ன சில கோர்ஸ முடிக்கணும், சொன்ன கிரேடு வாங்கணும், அப்புறம் டிக்ளேர் பண்ணி (இதுதான் என் மேஜர்னு ஃபார்ம் கொடுத்து) ஃபுல் மேஜர் ஆகணும். மேல் லெவல் கிளாஸ், லேப், ஹானர்ஸ் தீசிஸ் எல்லாம் பெரும்பாலும் அதுக்கப்புறம்தான் திறக்கும். எனக்கு இதுல ஒரு செமஸ்டர் முழுசா வீணாப்போச்சு, அதுவும் மார்க் கம்மியானதால இல்ல, ஒரு பேப்பர் வேலையால. அதான் இந்தப் போஸ்ட்.

சைக்காலஜியும் நியூரோசயின்ஸும் ஒரே டிபார்ட்மெண்டா இருக்கற இடம் நிறைய, சேப்பல் ஹில்ல இருக்கற நார்த் கரோலினா யுனிவர்சிட்டி, டியூக், கொலராடோ போல்டர், பேய்லர், கனடால டல்ஹவுசி இப்படி. ரூல் மட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் மாறும், சில இடத்துல ப்ரீ-மேஜர்ங்கற படியே இருக்காது. அதனால நான் சொல்ற நம்பர அப்படியே எடுத்துக்காதீங்க, வழிய மட்டும் எடுத்துக்கோங்க.

ஸ்டெப் 1: எந்த வருஷத்து கேட்டலாக்னு பாருங்க

ஒவ்வொரு வருஷமும் கேட்டலாக்னு ஒண்ணு வரும், உங்க டிகிரிக்கான ரூல் எல்லாம் அதுலதான் இருக்கும். நீங்க சேர்ந்த வருஷத்து ரூல் உங்களுக்கா, இல்ல டிக்ளேர் பண்ற வருஷத்து ரூலான்னு அட்வைசர்கிட்ட மெயில்ல கேளுங்க. வாயால கேக்காதீங்க, மெயில்ல. சீனியர் அண்ணன் சொன்னாருன்னு ரெண்டு வருஷம் பழைய லிஸ்ட்ட வச்சிட்டு கோர்ஸ் எடுத்த பசங்கள பாத்திருக்கேன்.

ஸ்டெப் 2: சைக்காலஜியா நியூரோசயின்ஸான்னு சீக்கிரம் முடிவு பண்ணுங்க

சைக்காலஜிக்கு வழக்கமா கேக்கறது ஜெனரல் சைக்காலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், பல இடத்துல ஒரு பயாலஜி, சில இடத்துல ரிசர்ச் மெத்தட்ஸும். நியூரோசயின்ஸுக்கு இது பத்தாது, லேபோட ரெண்டு செமஸ்டர் கெமிஸ்ட்ரி, கால்குலஸ், சில இடத்துல பிசிக்ஸ் வரைக்கும் போகும். மூளைய பத்தி படிக்கலாம், மேத்ஸ் இருக்காதுன்னு நம்பி வந்தவங்கதான் முதல் வருஷக் கடைசில அழுவாங்க. கெமிஸ்ட்ரி ஒண்ணு முடிச்சாதான் ரெண்டு எடுக்க முடியும், அத ஒரு செமஸ்டர் தள்ளிப்போட்டா பின்னாடி இருக்கறது எல்லாமே சேர்ந்து தள்ளிப்போகும். எதுன்னு தெரியலன்னா முதல் செமஸ்டர்லயே கெமிஸ்ட்ரிய எடுத்துடுங்க, அப்புறம் சைக்காலஜிக்குப் போனாலும் நஷ்டம் பெருசா இல்ல.

படிக்கறதுக்கு நான் ஆங்கிங்கற ஃப்ளாஷ்கார்டு ஆப் மட்டும்தான் சொல்லுவேன். ஹைலைட்டர் போட்டு புக்க கலர் அடிக்கறதெல்லாம் வேஸ்ட். நரம்பு செல் சும்மா இருக்கும்போது உள்ள மைனஸ் 70 மில்லிவோல்ட், செல் சவ்வுல இருக்கற சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஒரு தடவை ஓடினா மூணு சோடியம் வெளிய ரெண்டு பொட்டாசியம் உள்ளன்னு இதெல்லாம் நம்ம சின்ன வயசு வாய்ப்பாடு மாதிரி தினமும் பத்து நிமிஷம் ஓட்டினா போதும்.

ஸ்டெப் 3: ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (நான் விழுந்த இடம் இதுதான், பொறுமையா படிங்க)

நான் முதல்ல கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சிட்டு டிரான்ஸ்ஃபர் ஆனவன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அங்கயே முடிச்சாச்சு, ஏ மைனஸ். டிரான்ஸ்ஃபர் ஆனதும் ரிப்போர்ட்ல நாலு கிரெடிட் வந்திருந்தது, நானும் சரி வேலை முடிஞ்சுதுன்னு விட்டுட்டேன். ரிசர்ச் மெத்தட்ஸ் ரிஜிஸ்டர் பண்ற அன்னைக்கு காலைல ஆறரை மணிக்கு அலாரம் வச்சு எழுந்து பட்டன அமுக்கினா, "ப்ரீரெக்விசிட் (முன்னாடி முடிக்கவேண்டிய கோர்ஸ்) முடிக்கல"ன்னு செவப்பு எழுத்துல வருது. பத்து தடவை அமுக்கினேன். பத்து தடவையும் அதே.

விஷயம் என்னன்னா, கிரெடிட் வந்திருக்கு ஆனா அந்த கோர்ஸா வரல. டிகிரி ஆடிட்ல (எது முடிஞ்சுது, எது பாக்கின்னு காட்டற ரிப்போர்ட்) கோர்ஸ் நம்பர் இருக்கவேண்டிய இடத்துல ஒண்ணுக்கு அப்புறம் மூணு எக்ஸ் போட்டிருந்தது. அதுக்கு அர்த்தம், "ஏதோ ஒரு முதல் லெவல் கோர்ஸ் படிச்சிருக்கான், எங்ககிட்ட அதுக்கு ஜோடி இல்ல". மொத்த கிரெடிட்ல அது சேரும், மேஜருக்குள்ள போற வாசல மட்டும் திறக்காது. டிரான்ஸ்ஃபர் ஆனவங்க இந்த போஸ்ட்ட இங்கயே நிறுத்திட்டு முதல்ல போய் ஆடிட்ல எக்ஸ் இருக்கான்னு பாத்துட்டு வாங்க.

எக்ஸ் இருந்தா, இத உங்க கோர்ஸுக்கு சமமா ஏத்துக்கோங்கன்னு பெட்டிஷன் போடணும். நான் முதல்ல போட்டது ரிஜெக்ட் ஆச்சு, ஏன்னா கேட்டலாக்ல இருந்த மூணு வரி விளக்கத்த மட்டும் காப்பி பண்ணி அனுப்பினேன். அந்த மூணு வரிய வச்சு அவங்களால எதையும் முடிவு பண்ண முடியாது. அவங்களுக்கு வேணும்கறது சிலபஸ், அதுவும் நீங்க படிச்ச அதே செமஸ்டரோடது, வாரா வாரம் என்ன நடத்தினாங்கன்னு இருக்கணும், எந்த புக்குன்னு இருக்கணும், லேப் இருந்துதா எத்தனை மணி நேரம்னு இருக்கணும். குறிப்பா டி-டெஸ்ட், அனோவா, ரிக்ரெஷன் மாதிரி டேட்டாவ வச்சு முடிவெடுக்கற முறைகள் வரைக்கும் போனீங்களான்னு பாப்பாங்க. மீன், மீடியன், பை சார்ட்டோட நின்ன கோர்ஸா இருந்தா கஷ்டம்.

என்கிட்ட சிலபஸ் இல்ல. கோர்ஸ் முடிஞ்சதும் அந்த வெப்சைட்ட மூடிட்டாங்க, நடத்தின சாரும் ரிட்டயர் ஆயிட்டாரு. கடைசில பழைய காலேஜ் டிபார்ட்மெண்ட் ஆபீஸுக்கு போன் பண்ணேன், அங்க இருந்த ஒரு அம்மா "எல்லா சிலபஸும் ஃபைல்ல இருக்கும்பா"ன்னு இங்கிலீஷ்லதான் சொன்னாங்க, ஆனா எனக்கு அப்படித்தான் காதுல விழுந்துச்சு. அன்னைக்கு சாயந்திரமே பிடிஎஃப் வந்துது. ஒன்பதாவது வாரம் அனோவான்னு இருந்த இடத்த மஞ்சள் கலர் அடிச்சு அனுப்பினேன், ரெண்டு வாரத்துல ஓகே ஆச்சு. ஹைலைட்டர் வேஸ்ட்னு மேல சொன்னேன்ல, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் வாபஸ்.

அத்தோட முடியல. பெட்டிஷன் ஓகே ஆனாலும் ரிஜிஸ்ட்ரேஷன் சிஸ்டத்துக்கு அது தெரியல, மறுபடியும் அதே செவப்பு எழுத்து. அதுக்கு தனியா ஓவர்ரைடு (சிஸ்டம் தடுத்தாலும் சேர விடற அனுமதி) கேக்கணும்னு எனக்கு யாரும் சொல்லல, நான் கேட்டு வாங்கறதுக்குள்ள கிளாஸ் நிரம்பிருச்சு. அப்படித்தான் ஒரு செமஸ்டர் போச்சு. நீங்க பெட்டிஷன் ஓகேன்னு மெயில் வந்த அதே நிமிஷம் அதுக்கு ரிப்ளை போட்டு "ஓவர்ரைடும் போட்டுடுங்க"ன்னு கேட்டுடுங்க.

இங்கயே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. டிபார்ட்மெண்ட் எஸ்பிஎஸ்எஸ்ங்கற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுத்தா அத பரீட்சைக்கு கத்துக்கோங்க, வீட்ல பழக அதே வேலைக்கான ஜாஸ்ப் போடுங்க. ஆம்ஸ்டர்டாம் யுனிவர்சிட்டில பண்ணது, ஃப்ரீ, லைசென்ஸ் தொல்லை கிடையாது. நியூரோ லேப்ல சேரணும்னா ஆர்ங்கற புரோகிராமிங் மொழி கத்துக்கறது நல்லது, ஆனா முதல் செமஸ்டர்லயே அதுல குதிக்காதீங்க. அப்புறம் பி வேல்யூ 0.03னா "நல் ஹைபாதிசிஸ் (வித்தியாசமே இல்லங்கற அனுமானம்) உண்மையா இருக்க 3 சதவீதம் சான்ஸ்"னு எழுதிடாதீங்க, நான் எழுதி முழு மார்க்கும் போச்சு. நல் ஹைபாதிசிஸ் உண்மைன்னு வச்சுக்கிட்டா, இந்த மாதிரியோ இதவிட தூக்கலாவோ டேட்டா வர எவ்ளோ சான்ஸ்ங்கறதுதான் அது. தலைகீழா திருப்பினா அர்த்தமே மாறிடும்.

ஸ்டெப் 4: ஜிபிஏவ (கிரேடு சராசரி) நீங்களே கணக்கு போடுங்க

எங்க இடத்துல அப்போ மேஜருக்குள்ள போக மூணு கோர்ஸ்லயும் சேர்த்து 2.75 ஜிபிஏ கேட்டாங்க. என் ரூம்மேட் கிரேடு இது: ஜெனரல் சைக்காலஜி 3 கிரெடிட் ஏ மைனஸ் (3.7), ஸ்டாட்டிஸ்டிக்ஸ் 4 கிரெடிட் சி (2.0), பயாலஜி 4 கிரெடிட் பி மைனஸ் (2.7). மூணையும் கூட்டி மூணால வகுத்து 2.8, பாஸுன்னு பிரியாணி வாங்கிக் கொடுத்துட்டான். ஆனா கிரெடிட்டால பெருக்கணும்: 11.1, 8.0, 10.8, மொத்தம் 29.9, அத 11ஆல வகுத்தா 2.72. போச்சு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல சி பிளஸ் மட்டும் வந்திருந்தா 2.83 ஆயிருக்கும். பெரிய கிரெடிட் கோர்ஸ்லதான் உழைக்கணும்னு அன்னைக்கு புரிஞ்சுது, பிரியாணி காசு திரும்ப வரல.

சி மைனஸும் சியும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. "ஒவ்வொரு கோர்ஸ்லயும் குறைஞ்சது சி"ன்னு ரூல் இருந்தா, ஜிபிஏ எவ்ளோ நல்லா இருந்தாலும் ஒரு சி மைனஸ் உங்கள வெளிய நிறுத்திடும். திரும்ப எடுத்தா பழைய கிரேடு அழியுமா, ரெண்டும் சேர்ந்து சராசரி ஆகுமான்னு இடத்துக்கு இடம் வித்தியாசம், அதையும் மெயில்ல கேளுங்க. பாஸ்-ஃபெயில் ஆப்ஷன்ல மட்டும் இந்த கோர்ஸ எடுத்துடாதீங்க, நிறைய மேஜர்ல அது செல்லாது.

கணக்குக்கு கூகுள் ஷீட்ஸ் போதும், ஆன்லைன் கால்குலேட்டர்ல பாதி நம்ம யுனிவர்சிட்டி ஸ்கேல்ல இருக்காது.

ஸ்டெப் 5: சோனா

சின்ன விஷயம், ஆனா ஆள கவுக்கும். ஜெனரல் சைக்காலஜில பல இடத்துல நீங்களே ஆராய்ச்சிக்கு ஆளா போய் உக்காரணும், சோனான்னு ஒரு சிஸ்டத்துல ஸ்லாட் புக் பண்ணி. எனக்கு கிடைச்சது ஸ்ட்ரூப் டெஸ்ட்: "பச்சை"ன்னு செவப்பு மைல எழுதியிருக்கும், மையோட கலர சொல்லணும். கடைசி வாரம் வரைக்கும் விட்டா ஸ்லாட்டே இருக்காது, புக் பண்ணிட்டு போகலன்னா பெனால்டி. பங்கெடுக்க இஷ்டம் இல்லன்னா அதுக்கு பதிலா ஏதாவது எழுதிக் கொடுக்கற வழி இருக்கும், கேளுங்க.

ஸ்டெப் 6: டிக்ளேர் பண்றது

ஃபார்ம் தானா போகாது. எல்லாம் முடிச்சா சிஸ்டமே மாத்திடும்னு காத்துட்டு இருந்த பொண்ணு ஒண்ணு எங்க பேட்ச்ல உண்டு. கிரேடு வந்த வாரமே ஆடிட்ட பிடிஎஃப்பா சேவ் பண்ணி ஃபார்மோட அனுப்புங்க, நாலஞ்சு நாள் கழிச்சு மேஜர் பேரு மாறிச்சான்னு பாருங்க.

அட்வைசர நீங்களேதான் பாக்கணும். எங்கப்பா மதுரைல இருந்து ராத்திரி முழிச்சிருந்து ஆபீஸுக்கு போன் போட்டு "என் பையன் மார்க் என்ன"ன்னு கேட்டாரு. ஃபெர்பான்னு 1974ல வந்த சட்டம், காலேஜ்ல சேர்ந்துட்டா அந்த ரெக்கார்டு உரிமை மாணவனுக்குத்தான், மாணவன் எழுதிக் கொடுக்காம அவங்க பொதுவா சொல்ல மாட்டாங்க. "ஃபீஸ் கட்டறது நானு, மார்க்க சொல்ல மாட்டேங்கறான்"னு இன்னைக்கும் கல்யாண வீட்டுல சொல்லிக் காட்டறாரு.

அப்டேட்: எஃப்-1 (மாணவர் விசா) பசங்க கமெண்ட்ல கேட்டது

மேஜர் மாறினா ஐ-20லயும் (விசாவுக்கு யுனிவர்சிட்டி தர்ற ஃபார்ம்) மாறணும், இன்டர்நேஷனல் ஆபீஸ்ல சொல்லுங்க. இதுல இன்னொரு பெரிய விஷயம் இருக்கு, நான் முதல்ல எழுத மறந்துட்டேன். அமெரிக்க அரசாங்கம் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு கோடு வச்சிருக்கு; நியூரோசயின்ஸோட கோடு 26.1501, அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்ப படிப்புகள்) லிஸ்ட்ல இருக்கு, படிப்பு முடிஞ்சு 12 மாச ஓபிடிக்கு (அங்க வேலை பாக்கற அனுமதி) மேல 24 மாசம் நீட்டிக்க அப்ளை பண்ணலாம். ஜெனரல் சைக்காலஜி 42.0101, அது லிஸ்ட்ல இல்ல. சில யுனிவர்சிட்டில சைக்காலஜி பி.எஸ்ஸ காக்னிட்டிவ், எக்ஸ்பெரிமெண்டல் மாதிரி 42.27ல ஆரம்பிக்கற கோடுல வச்சிருப்பாங்க, அது லிஸ்ட்ல வரும். டிக்ளேர் பண்றதுக்கு முன்னாடியே கோடு என்னன்னு கேளுங்க, டிகிரி பேர பாத்து முடிவு பண்ணாதீங்க.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கஷ்டமா இருக்குன்னு டிராப் பண்ணப் போறவங்க, 12 கிரெடிட்டுக்கு (முழுநேரப் படிப்புக்கான குறைஞ்சபட்சம்) கீழ போகும்னா முதல்ல இன்டர்நேஷனல் ஆபீஸ்ல ஓகே வாங்கிட்டு அப்புறம் டிராப் பண்ணுங்க, டிராப் பண்ணிட்டு போய் நின்னா விசா ஸ்டேட்டஸே சிக்கல். ஆன்லைன்ல திரும்ப எடுக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார்: எடுக்கலாம், ஆனா அந்த 12ல ஒரு செமஸ்டருக்கு ஒரு ஆன்லைன் கிளாஸ், அதிகபட்சம் 3 கிரெடிட்தான் கணக்குல வரும். நாலு கிரெடிட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ ஆன்லைன்ல எடுத்துட்டு மீதி 8 கிரெடிட் நேர்ல எடுத்தா 11தான் ஆகும், பாத்துக்கோங்க.

ஏபி சைக்காலஜில (ஸ்கூல்லயே எழுதற காலேஜ் லெவல் பரீட்சை, 5க்கு) 3 வாங்கினவங்களுக்கு: சில இடத்துல கிரெடிட் தருவாங்க, நிறைய இடத்துல 4 இல்ல 5 கேப்பாங்க. தந்தாலும் ஆடிட்ல எக்ஸ் போட்டிருக்கா இல்லையான்னு பாருங்க.