பிள்ளைங்களோட பங்குனி ஆமை வரையலாம்

சென்னை பக்கம் இருக்கறவங்க இதை ஜனவரி டு மார்ச் செஞ்சா நல்லா இருக்கும், அப்பதான் பெசன்ட் நகர், நீலாங்கரை கரைக்கெல்லாம் ஆலிவ் ரிட்லி ஆமைங்க முட்டை போட வரும். மீனவங்க அதை பங்குனி ஆமைன்னுதான் சொல்வாங்க.

கலர் அடிக்கிற ஷீட் பிரிண்ட் எடுத்து குடுக்காதீங்க ப்ளீஸ், கோட்டைத் தாண்டாம அடிச்சியான்னு பாக்கறதுலயே நேரம் போயிடும். முதல்ல ஞாபகத்துல இருந்து வரைய சொல்லுங்க. குட்டி காலு, ஓட்டுக்குள்ள இழுத்துக்கற தலைன்னு தரை ஆமையைத்தான் போடுவாங்க, அழிக்க சொல்லாதீங்க. அப்புறம் போட்டோ காட்டி கால் எங்கன்னு கேளுங்க, துடுப்புதான் இருக்கு, தலையையும் உள்ள இழுக்க முடியாது. இப்போ பக்கத்துலயே இன்னொண்ணு வரையட்டும். ஓட்டு கலருக்கு மஞ்சள்ல துளி கருப்பு கலந்தா போதும். மொட்டை மாடி இருந்தா சாக்பீஸ்ல நிஜ சைஸ், ஓடு மட்டும் ரெண்டடி.

களிமண் இருந்தா பிங்பாங் பால் சைஸ்ல முட்டை உருட்டலாம், ஒரு ஆமை ஒரு தடவைல நூறுக்கு மேல போடும்னு சொல்லிட்டு உருட்ட விடுங்க, இருபதுலயே கை ஓஞ்சிடும் 😄

முக்கியமானது கருப்பு சார்ட். ஒரு பக்கம் கடல், அடிவானத்துல வெள்ளை கிரேயான் லேசா. ராத்திரி பொரிஞ்ச குஞ்சு வெளிச்சம் எந்தப் பக்கமோ அங்கதான் போகும், அது போற பாதையை பிள்ளையே போடட்டும். அப்புறம் ரோட்டு பக்கம் மஞ்சள் பேப்பர்ல ஒரு தெருவிளக்கு ஒட்டிட்டு இப்ப எங்க போகும்னு கேளுங்க, அதுக்கும் ஒரு பாதை போட சொல்லுங்க. நிஜத்துலயும் இப்படி ரோட்டுக்கு வந்து சாகுது, அதனாலதான் 1988ல இருந்தே மாணவர் குழு ஒண்ணு ராத்திரி கரையோரமா நடந்து முட்டைங்களை எடுத்து பத்திரமா பொரிக்க வைக்குறாங்க.

பெரிய பிள்ளைங்கன்னா வெங்காய வலைப்பையை வெட்டி படத்து மேல ஒட்டலாம். ஆமை நுரையீரல்ல மூச்சு விடறது, இழுவை வலைல மாட்டி மேல வர முடியலன்னா செத்துடும், 2025 ஜனவரில சென்னை கரையில நூத்துக்கணக்குல ஒதுங்குச்சே. ஆனா மீனவங்களை வில்லனாக்கி கதை சொல்லாதீங்க, பல குப்பத்துல ஆமையை சாமியா பாக்கறவங்க இருக்காங்க. சின்ன பிள்ளைங்களுக்கு இந்த பகுதியே வேணாம்.

கடற்கரையோர அபார்ட்மென்ட்ல இருந்தா அந்த கருப்பு சார்ட்டை லிஃப்ட் பக்கத்துல ஒட்டி, குஞ்சு பொரிஞ்சு முடியற மே மாசம் வரைக்கும் ராத்திரி மாடி லைட்டை அணைச்சிடுங்கன்னு கீழ பிள்ளை கையாலயே எழுத வைங்க.