வான்கூவர் தீவில் ஒரு வாரம்: விக்டோரியாவிலிருந்து டொஃபினோ வரை

வான்கூவர் நகரம் வான்கூவர் தீவில் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள அந்தப் பெருநகரம் கண்டத்தின் கரையில் இருக்கிறது. அதே பெயர் கொண்ட தீவோ நீரிணையைக் கடந்து மேற்கே நீண்டு கிடக்கிறது. மாகாணத் தலைநகரான விக்டோரியா அந்தத் தீவின் தென்முனையில் உள்ள துறைமுக நகரம். விடுதி அறையைப் பதிவு செய்யும் முன் இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட கடற்பயணம் இருக்கிறது.

அடுத்து, தீவின் அளவைச் சரியாக உணர வேண்டும். நீளம் ஏறத்தாழ 460 கிலோமீட்டர், அகலம் சில இடங்களில் 100 கிலோமீட்டர். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் இதைவிடப் பெரிய தீவு கிடையாது. காலையில் வான்கூவரில் புறப்பட்டு, விக்டோரியாவையும் மேற்குக் கரையையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பலாம் என்று திட்டமிடுவோர் நாள் முழுவதையும் வண்டியிலும் கப்பலிலும் கழித்துவிடுவார்கள். என் பரிந்துரை ஒரு வாரம்: விக்டோரியாவில் மூன்று இரவுகள், மேற்குக் கரையில் குறைந்தது இரண்டு இரவுகள், மீதி வழிப்பயணத்துக்கு. அவ்வளவு நாள் இல்லையென்றால் மேற்குக் கரையை அடுத்த முறைக்கு ஒத்திவைத்து, விக்டோரியாவை நிதானமாகப் பார்ப்பதே மேல்.

தீவை அடையப் பெரும்பாலோர் பயன்படுத்துவது பி.சி. ஃபெர்ரீஸ் கப்பல்களையே. சவாசன் துறையிலிருந்து ஸ்வார்ட்ஸ் பே செல்லும் கப்பல் 1 மணி 35 நிமிடங்களில் கடக்கும். அங்கிருந்து விக்டோரியா ஏறத்தாழ 32 கிலோமீட்டர். கார் இல்லாதவர்கள் வான்கூவரின் கனடா லைன் ரயிலில் பிரிட்ஜ்போர்ட் நிலையம் வரை வந்து, 620 எண் பேருந்தில் சவாசன் துறைக்குச் செல்லலாம். மறுகரையில் 70 அல்லது 72 எண் பேருந்து நகர மையத்துக்குக் கொண்டு சேர்க்கும். விமான நிலையத்திலிருந்து வரும் ரயிலும் பிரிட்ஜ்போர்ட்டில் நிற்பதால், ஊருக்குள் போகாமல் நேரே தீவுக்குக் கிளம்பவும் முடியும். நடந்து ஏறும் பயணிகளுக்கு முன்பதிவு தேவையில்லை. காரோடு செல்வோர் கோடையிலும் நீண்ட வார இறுதிகளிலும் முன்பதிவு செய்யாமல் போனால், கண்முன்னே ஒன்றிரண்டு கப்பல்கள் நிரம்பிப் புறப்படுவதைப் பார்த்தபடி வரிசையில் காத்திருக்க நேரிடும்.

கப்பலில் உணவு வரிசையில் நிற்பதைத் தொடக்கத்திலேயே முடித்துவிட்டு மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். பாதி வழியில் கேலியானோ, மேய்ன் என்னும் இரு தீவுகளுக்கு இடையிலுள்ள ஆக்டிவ் பாஸ் என்ற குறுகிய கால்வாய்க்குள் அந்தப் பெரிய கப்பல் நுழைந்து வளையும். நுழையும்போது நீளமாகச் சங்கு ஊதும். அடுத்த சில நிமிடங்களுக்கு இருபுறமும் பாறைக் கரையும், சாய்ந்து நிற்கும் அர்பூட்டஸ் மரங்களின் உரிந்த செம்பழுப்புப் பட்டையும், கரையோர வீடுகளின் வாசல்களும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நெருக்கத்தில் நகர்ந்து செல்லும். நீரோட்டம் சுழித்து ஓடும் இடமாதலால் மீன் தேடி வரும் வெண்தலைக் கழுகுகளையும் இங்கே காணலாம். கோடையிலும் காற்று குளிரும் என்பதால் மேலங்கி கையில் இருக்கட்டும்.

அமெரிக்காவின் சியாட்டலிலிருந்தும் போர்ட் ஏஞ்சலஸிலிருந்தும் விக்டோரியாவுக்கு நேரடிக் கப்பல்கள் உண்டு. போர்ட் ஏஞ்சலஸ் கப்பல் 90 நிமிடங்களில் வந்து நகரின் நடுத் துறைமுகத்திலேயே நிற்கும், காரையும் ஏற்றிக்கொள்ளும். ஆனால் இவை சர்வதேச எல்லையைக் கடக்கும் பயணங்கள். இந்தியா, இலங்கை போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்குக் கனடாவின் விசாவோடு அமெரிக்க விசாவும் இருந்தால்தான் இந்த வழி சரிப்படும்.

விக்டோரியாவுக்குள் கார் தேவையில்லை. நிறுத்துமிடக் கட்டணம்தான் ஏறும். உள்துறைமுகத்தைச் சுற்றி நடந்தாலே முக்கியமான இடங்கள் பலவும் அடங்கிவிடும். 1898இல் திறக்கப்பட்ட சட்டமன்றக் கட்டடமும் 1908இல் திறக்கப்பட்ட எம்பிரஸ் விடுதியும் பிரான்சிஸ் ராட்டன்பரி என்ற ஒரே கட்டடக் கலைஞரின் வடிவமைப்புகள். சட்டமன்றத்தை இலவசமாகச் சுற்றிப் பார்க்கலாம். இரவில் அதன் விளிம்புகளில் ஆயிரக்கணக்கான விளக்குகள் எரியும்போது துறைமுக நீரில் விழும் பிம்பத்தைப் பார்க்க மறுபடியும் ஒருமுறை வாருங்கள்.

பார்வையாளர்கள் பலர் இந்த இரண்டு கட்டடங்களோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அருகிலுள்ள தண்டர்பேர்ட் பூங்காவில் செதுக்கப்பட்ட குலமரபுத் தூண்களும், குவாக்வாக்யவாக் என்னும் பழங்குடி இனச் சிற்பி மங்கோ மார்ட்டின் 1953இல் எழுப்பிய மரபுவழிப் பெருவீடும் நிற்கின்றன. பரிசுகளை வாரி வழங்கிக் குலப்பெருமையை நிலைநாட்டும் போட்லாட்ச் என்னும் சடங்கைக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை தடை செய்திருந்தது. தடை நீங்கியபின் பொதுவெளியில் அந்தச் சடங்கு முதன்முதலாக நடந்தது இந்த வீட்டின் திறப்பு விழாவில்தான். இந்தத் துறைமுகமே லெக்வங்கன் மக்களின் மண்; 1843இல் மென்மயிர்த் தோல் வணிகம் செய்த ஹட்சன் பே நிறுவனம் கோட்டை கட்டுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அவர்கள் இங்கே வாழ்ந்து வந்தவர்கள். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து வடக்கே பத்து, பதினைந்து நிமிட நடையில் கனடாவின் மிகப் பழைய சைனாடவுன் வரும். 1858இல் ஃப்ரேசர் ஆற்றுப் பகுதியில் தங்கம் தேடி மக்கள் குவிந்தபோது உருவானது இது. அதன் ஃபான் டான் சந்து குறுகிய இடத்தில் ஒரு மீட்டருக்கும் குறைவான அகலமே உடையது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கும். துறைமுகத்துக்குள் ஓடும் சிறு படகுகளில் மீனவர் துறைக்குப் போனால், நீரில் மிதக்கும் வண்ண வீடுகளையும் கடல்நாய்களையும் பார்க்கலாம். அவற்றுக்கு உணவு கொடுக்கக் கூடாது.

புட்சார்ட் தோட்டம் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 22 கிலோமீட்டரில் உள்ளது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டி எடுத்துக் கைவிடப்பட்ட குழியை, ஆலை உரிமையாளரின் மனைவி ஜென்னி புட்சார்ட் மண் நிரப்பித் தோட்டமாக மாற்றினார். 75 எண் பேருந்து அங்கே செல்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவியும் நண்பகலைத் தவிர்த்து, திறக்கும் நேரத்திலோ பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகோ போனால் பள்ளத் தோட்டத்தின் படிக்கட்டில் நின்று பார்க்க இடம் கிடைக்கும்.

கொலைத்திமிங்கிலங்களைக் காட்டும் படகுப் பயணங்கள் விக்டோரியாவிலிருந்து நாள்தோறும் புறப்படும். இவற்றுள் சால்மன் மீனையே நம்பி வாழும் ‘தெற்குக் குடும்பக் கூட்டம்’ என்னும் பிரிவில் எண்பதுக்கும் குறைவான விலங்குகளே எஞ்சியுள்ளன. படகு இரைச்சல் அவற்றின் இரைதேடலைக் கெடுக்கிறது. எனவே விலகி நிற்கும் தூரத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். “மிக அருகில் காட்டுகிறோம்” என்று சொல்லி அழைப்பவர்களை ஒதுக்கிவிடுங்கள்.

இனி மழை. விக்டோரியா தெற்கேயுள்ள ஒலிம்பிக் மலைகளின் மழைமறைவில் இருப்பதால் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவிலேயே மழை பெறுகிறது. அதே தீவின் மேற்குக் கரையிலுள்ள டொஃபினோவிலோ அது 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். விக்டோரியாவில் வெயிலைப் பார்த்துவிட்டு மழையங்கியை விடுதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை வறண்ட பருவம். கூட்டமும் விலையும் குறைவாக இருக்க வேண்டுமானால் மே இறுதி அல்லது செப்டம்பர் ஏற்றது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை புயலலைகளைப் பார்க்கவே டொஃபினோவுக்கு வருவோரும் இருக்கிறார்கள்.

விக்டோரியாவிலிருந்து மேற்கே போர்ட் ரென்ஃப்ரூவுக்கு ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் தவறவிடாதீர்கள். வளைவு நிறைந்த 14ஆம் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரப் பயணம். சூக் ஊரிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ள வேண்டும். போர்ட் ரென்ஃப்ரூவிலுள்ள பொட்டானிக்கல் கடற்கரையை ஓத அட்டவணை பாராமல் அடைந்தால் வெறும் அலையைத்தான் காண்பீர்கள். நீர்மட்டம் 1.2 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கரையில் இருங்கள். அப்போது மணற்பாறையில் வட்டவட்டமான குளங்கள் வெளிப்படும். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு சிறு குழியிலும் ஓர் ஊதாநிறக் கடல்முள்ளெலி, தன் முட்களாலும் பற்களாலும் தானே குடைந்த பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தி இருக்கும். பக்கத்தில் பச்சைக் கடல்சாமந்தி விரல்களை விரித்திருக்கும். உலர்ந்த பாறையிலேயே கால் வையுங்கள்; எதையும் பிடுங்கவோ குளத்தில் கை நனைக்கவோ வேண்டாம், தோலில் பூசியிருக்கும் களிம்பு அவற்றுக்குக் கேடு. கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கவும் கூடாது.

டொஃபினோ விக்டோரியாவிலிருந்து ஏறத்தாழ 315 கிலோமீட்டர். வரைபடம் நான்கரை மணி நேரம் என்று காட்டினாலும் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் டங்கன் அருகே பால்டி என்ற இடம் உண்டு. பஞ்சாபிலிருந்து வந்த மேயோ சிங் என்பவர் மர ஆலை அமைத்து, தம் சொந்த ஊரின் பெயரைச் சூட்டிய குடியிருப்பு அது. குருத்வாரா இன்றும் நிற்கிறது. 4ஆம் நெடுஞ்சாலையில் கதீட்ரல் குரோவ் காட்டில் 800 ஆண்டு வயதுடைய டக்ளஸ் ஃபர் மரங்களின் அடியில் நடக்கலாம். பலமாகக் காற்று வீசும் நாளில் மட்டும் உள்ளே போகக் கூடாது, கிளைகள் முறிந்து விழும்.

போர்ட் அல்பர்னியில் எரிபொருளை நிரப்பி, வரைபடத்தையும் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் கடற்கரை வரை பல இடங்களில் கைபேசி அலைவரிசை கிடைக்காமல் போகலாம். மேற்குக் கரைக்கு நல்ல சாலை இது ஒன்றே. 2023 ஜூனில் காட்டுத்தீயால் இது மூடப்பட்டபோது டொஃபினோவும் அதே கரையில் அதற்குத் தெற்கேயுள்ள யுக்லூலெட் ஊரும் துண்டிக்கப்பட்டன. புறப்படும் காலையில் டிரைவ்பிசி தளத்தில் சாலை நிலையைப் பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் இந்தச் சாலைக்குக் குளிர்காலச் சக்கரங்கள் கட்டாயம். வாடகைக் காரை எடுக்கும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரு ஊர்களுக்கும் நடுவே பசிபிக் ரிம் தேசியப் பூங்காவின் லாங் பீச் 16 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்திருக்கிறது. தண்ணீர் ஆண்டு முழுதும் குளிர்ந்தே இருக்கும். ரப்பர் நீச்சலுடை இல்லாமல் இறங்க வேண்டாம். கரையில் ஒதுங்கிய பெருமரக் கட்டைகள் அசையாதவை போலத் தோன்றினாலும், ஓர் அலை வந்தால் மிதந்து உருளும். குழந்தைகளை அவற்றின் மேல் விளையாட விடாதீர்கள். நிலநடுக்கத்தை உணர்ந்தால், எச்சரிக்கைச் சங்குக்குக் காத்திராமல், சுனாமி வழிகாட்டிப் பலகைகள் காட்டும் மேட்டுக்கு உடனே ஏறிவிட வேண்டும்.

திரும்பும்போது விக்டோரியாவுக்கே வராமல் தீவின் கிழக்குக் கரையிலுள்ள நனைமோவில் கப்பல் ஏறினால் அரை நாள் மிச்சம். நகரின் டிபார்ச்சர் பே துறையிலிருந்து புறப்படும் கப்பல் வான்கூவரின் வடமேற்கிலுள்ள ஹார்ஸ்ஷூ பேயில் இறக்கிவிடும். விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு டியூக் பாயிண்ட் துறையிலிருந்து சவாசன் செல்லும் இரண்டு மணி நேரக் கப்பலே வசதி. நகர நெரிசலுக்குள் நுழையாமல் விமான நிலையத்தை அடையலாம். ஞாயிறு மாலை தீவே திரண்டு துறைக்கு வரும் என்பதால், திங்கள் காலைக் கப்பலில் இடம் பதிவு செய்துகொண்டு, ஞாயிறு இரவை நனைமோவில் தங்கிக் கழியுங்கள்.